பொறித் தாங்கி (மீன்பிடிப் படகு)

பொறித் தாங்கி என்பது ஓர் ஊர்தியின் அல்லது கலத்தின் பொறியை அதன் உடற்சட்டத்துடன் பிணைக்கும் உறுப்பு ஆகும். பொறியின் எடையைச் சுமப்பது, பொறி தரும் முறுக்குவிசைக்கு எதிர்நின்று அதனை இடம்பெயராமல் வைத்திருப்பது, பொறியின் அதிர்வு உடற்சட்டத்துக்குப் பரவுவதைக் குறைப்பது ஆகிய மூன்றும் இதன் பணிகள். மீன்பிடி விசைப்படகுகளில் இவற்றோடு நான்காவது பணி ஒன்றும் சேர்கிறது. உந்துவிசிறி கடல்நீரைப் பின்னுக்குத் தள்ளும்போது எழும் முன்னோக்கிய விசை பல படகுகளில் பொறித் தாங்கிகளின் வழியாகவே படகின் உடலுக்குச் செல்கிறது.

ஒரு படகில் இருந்த சிறிய பொறியைக் கழற்றிவிட்டுப் பெரிய பொறியைப் பொருத்தும்போது, எவ்வகைத் தாங்கியைத் தெரிவு செய்வது, பழைய பொறிமேடை அதற்குப் போதுமா என்னும் கேள்விகள் எழுகின்றன. காவிரிக் கழிமுகக் கரையில் உள்ள காரைக்கால், அதனை அடுத்த நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் மீன்பிடித் தளங்களில் இது அன்றாடத் தொழில்நுட்பச் சிக்கல் ஆகும். இக்கட்டுரை அச்சூழலை முன்வைத்துப் பொறித் தாங்கிகளை விளக்குகிறது.

காரைக்கால் சூழல்

காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் நான்கு வட்டாரங்களுள் ஒன்று. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவுடன் இணைந்தது. வடக்கே மயிலாடுதுறை மாவட்டமும் தெற்கே நாகப்பட்டினம் மாவட்டமும் மேற்கே திருவாரூர் மாவட்டமும் சூழ, கிழக்கே வங்காள விரிகுடாவைப் பார்த்து அமைந்துள்ளது. காவிரியின் கிளையாறுகளுள் ஒன்றான அரசலாறு இங்குதான் கடலில் கலக்கிறது. மீன்பிடித் துறைமுகம் இவ்வாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி உள்ளது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, மண்டபத்தூர் முதலிய மீனவக் கிராமங்கள் கரையோரத்தில் உள்ளன.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையில் பெரும் உயிர்ச்சேதத்தையும் கலச்சேதத்தையும் விளைவித்தது. அதன் பிறகு கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் பிடித்துக்கொண்டன. கட்டுமரத்துக்குத் துடுப்பும் பாயும் போதும், கண்ணாடியிழைப் படகுக்குப் பொறி வேண்டும். மறுபுறம், இழுவலை இழுக்கும் பெரிய விசைப்படகுகளில் பொறியின் குதிரைத்திறன் கூடிக்கொண்டே வந்துள்ளது. கரையோர மீன்வளம் குறைந்து தொலைவில் உள்ள மீன்பிடி இடங்களை நாடவேண்டி வந்தது இதற்கு ஒரு காரணம். வலையைப் பெரிதாக்கி வேகமாக இழுத்தால் விரைந்தோடும் மீன்களும் அகப்படும் என்பது மற்றொரு காரணம். ஒருவர் பெரிய பொறி வைத்தால் அடுத்தவரும் வைத்தாக வேண்டிய போட்டி நிலையும் உண்டு. இதில் தொழில்நுட்பத்தை விடப் பொருளியலே கூடுதலாகப் பேசுகிறது எனலாம்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ளது. படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பதும், வண்ணம் பூசுவதும், பொறி மாற்றுவதும் பெரும்பாலும் இக்காலத்தில்தான் நிகழும். தடை முடியும் நாளில் கடலுக்குச் சென்றாக வேண்டும் என்பதால் பொறி மாற்றும் வேலைக்குக் கால நெருக்கடி உண்டு. நெருக்கடி வரும்போது முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத வேலைகளே. பொறிமேடையை வலுப்படுத்துவது அத்தகைய ஒன்று.

இதில் விட்டுக்கொடுத்தால் வரும் விளைவு சிறியதன்று. தாங்கி தளர்ந்தால் பொறி அசையும், பொறி அசைந்தால் உந்துதண்டு கோணும், தண்டு கோணினால் அது படகின் உடலை விட்டு வெளியேறும் இடத்தில் நீர் கசியும். பொறி நின்றுபோன படகு நீரோட்டத்தின் போக்கில் மிதந்து செல்லும். இக்கடற்பகுதியின் தெற்கே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான, 1974, 1976 ஆண்டுகளின் உடன்பாடுகளால் வரையறுக்கப்பட்ட கடல் எல்லை உள்ளது. பொறி பழுதாகி மிதந்து எல்லை தாண்டிய படகில் இருப்போர், பொறியைத் தவிர வேறு இடரையும் எதிர்கொள்ள நேரிடும்.

மகிழுந்துகளுடன் ஒப்பீடு

சிறிய உடலில் பெரிய பொறியைப் பொருத்துவது மகிழுந்து உலகில் நன்கு அறியப்பட்ட செயல். பிரித்தானியாவின் சன்பீம் ஆல்பைன் என்னும் சிறு விளையாட்டு மகிழுந்தில், ஏறத்தாழ 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளைப் பொறிக்கு மாற்றாக ஃபோர்டு நிறுவனத்தின் 4.2 லிட்டர் எட்டு உருளைப் பொறியை வைத்து 1964இல் சன்பீம் டைகர் வெளிவந்தது. இடநெருக்கடி காரணமாக அதன் தீப்பொறிச் செருகிகளுள் ஒன்றைக் கழற்றப் பயணிகள் அறைப் பக்கத்திலிருந்து ஒரு துளை வழியே கைவிட வேண்டியிருந்தது. 1973இல் வந்த எம்ஜிபி ஜிடி வி8 வண்டியிலோ, அலுமினியத்தால் ஆன 3.5 லிட்டர் பொறியின் எடை முன்பிருந்த 1.8 லிட்டர் இரும்புப் பொறியின் எடையை ஒட்டியே இருந்தது. பொறியின் கொள்ளளவு கூடினால் எடை அதே அளவு கூட வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. சென்னையில் உருவாக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பிரித்தானிய மூலமான டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கி ஸ்பிட்ஃபயர் உருவானது. அதில் இரண்டு லிட்டர் ஆறு உருளைப் பொறியை வைத்து 1966இல் ஜிடி6 வந்தது.

மகிழுந்தில் ரப்பர் தாங்கிகள் பரவலாவதற்கு 1931இல் கிரைசுலர் நிறுவனம் தன் பிளிமத் வண்டிகளில் அறிமுகப்படுத்திய 'மிதக்கும் திறன்' அமைப்பு வழிகோலியது. முன்புறத் தாங்கியை உயரத்திலும் பின்புறத் தாங்கியைத் தாழ்விலும் வைத்து, இரண்டையும் இணைக்கும் கற்பனைக் கோடு பொறியின் எடைமையத்தின் வழியே செல்லுமாறு அதில் அமைத்தனர். பொறி அக்கோட்டைச் சுற்றி இயல்பாக அசைய முடிந்ததால் அதன் துடிப்பு உடலுக்குப் பெரிதும் எட்டவில்லை. இதற்கு நேர்மாறாக, 1967ஆம் ஆண்டின் லோட்டசு 49 பந்தய வண்டியில் பொறியே உடற்சட்டத்தின் ஒரு பகுதியாக இறுக்கமாகப் பிணைக்கப்பட்டது. மென்மைக்கும் விறைப்புக்கும் இடையிலான தெரிவின் இரு எல்லைகள் இவை.

ரப்பர் தாங்கி அறுந்தால் என்ன ஆகும் என்பதைப் பரவலாக உணர்த்தியது செவர்லே வண்டிகளின் திரும்பப் பெறல் நிகழ்வு. 1971இல் ஜெனரல் மோட்டார்சு நிறுவனம், பெரும்பாலும் 1965 முதல் 1969 வரையிலான ஏறத்தாழ 67 லட்சம் வண்டிகளை இக்குறைபாட்டுக்காகத் திரும்ப அழைத்தது. தாங்கியின் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்தபோது பொறியின் ஒரு பக்கம் மேலெழுந்து, எரிபொருள் முடுக்கியின் இணைப்பை இழுத்து, வண்டியைத் தானாக வேகமெடுக்கச் செய்தது. பொறியின் ஒரு பக்கம் 'மேலெழும்' என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. எடையைத் தாங்கவே தாங்கி இருக்கிறது என்று எண்ணுவோர் இதனைத் தவறவிடுவர்.

மகிழுந்தில் பொறிக்கும் சக்கரத்துக்கும் இடையே வளைந்து கொடுக்கும் மூட்டுகள் உள்ளன. பொறி சில மில்லிமீட்டர் அசைந்தாலும் அவை ஈடுசெய்துவிடும். விசைப்படகில் பொறியும் கியர் பெட்டியும் உந்துதண்டும் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இறுக்கமாகப் பிணைக்கப்படுகின்றன. எனவே மகிழுந்தின் பாடங்களை அப்படியே படகுக்குக் கொண்டுசெல்ல இயலாது.

முறுக்குவிசையும் தூக்கலும்

பெரிய பொறி என்றால் முதலில் நினைவுக்கு வருவது எடை. உண்மையில் தாங்கிகளுக்குக் கூடுதல் சோதனையாக அமைவது முறுக்குவிசையே. இதனை ஒரு கணக்கீட்டால் காணலாம். கீழ்வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை.

நிமிடத்துக்கு 1,800 சுற்றில் 120 குதிரைத்திறன் தரும் பொறியின் முறுக்குவிசை ஏறத்தாழ 475 நியூட்டன்-மீட்டர். கியர் பெட்டி வேகத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால், உந்துதண்டில் முறுக்குவிசை மும்மடங்காகி ஏறத்தாழ 1,420 நியூட்டன்-மீட்டர் ஆகும். கியர் பெட்டி பொறியுடன் ஒன்றாகப் பூட்டப்பட்டிருப்பதால், தாங்கிகள் எதிர்க்க வேண்டியது பொறியின் முறுக்குவிசையை அன்று, தண்டில் வெளியேறும் முறுக்குவிசையையே ஆகும். இடவலத் தாங்கிகளுக்கு இடையே 60 செ.மீ. இடைவெளி இருந்தால், ஒரு பக்கத்தை ஏறத்தாழ 240 கிலோ எடைக்கு ஈடான விசை கீழே அழுத்தும், மறுபக்கத்தை அதே விசை மேலே தூக்கும். பொறியும் கியர் பெட்டியும் சேர்ந்து 700 கிலோ எனில் ஒவ்வொரு பக்கத்துக்கும் 350 கிலோ எடை இருக்கிறது. தூக்கும் விசையை விட எடை கூடுதல். ஆகையால் அப்பக்கமும் மேடையின் மீது அழுந்தியே இருக்கும்.

இப்போது அதே மேடையில் 240 குதிரைத்திறன் பொறியை, நான்கில் ஒன்றாக வேகம் குறைக்கும் கியர் பெட்டியுடன் வைப்பதாகக் கொள்வோம். தண்டின் முறுக்குவிசை ஏறத்தாழ 3,800 நியூட்டன்-மீட்டர் ஆகிவிடும். குதிரைத்திறன் இரட்டித்தபோதிலும் முறுக்குவிசை இரண்டரை மடங்குக்கு மேல் கூடியிருப்பதைக் காணலாம். தூக்கும் விசை ஏறத்தாழ 645 கிலோ. பொறித் தொகுதியின் எடை 1,100 கிலோ எனில் ஒரு பக்கத்துக்கு 550 கிலோதான். ஆகவே அப்பக்கத் தாங்கி ஏறத்தாழ 95 கிலோ விசையுடன் மேல்நோக்கி இழுக்கப்படும். முன்பு அழுத்தத்தை மட்டுமே அறிந்திருந்த மரையாணிகள் இப்போது இழுவையில் உள்ளன. அலையில் படகு எழுந்து விழும்போதும், கியரைத் திடீரென மாற்றும்போதும் இவ்விசை இன்னும் கூடும்.

பின்னணியத்திலிருந்து பார்க்கும்போது உந்துவிசிறி வலஞ்சுழியாகச் சுழன்றால், பொறியின் வலப்பக்கம் மேலெழ முனையும், இடப்பக்கம் அழுந்தும். பின்னோக்கிச் செலுத்தும்போது இது தலைகீழாகும். முன்னோக்கிய ஓட்டமே மிகுதி என்பதால் ஒரே பக்கத்து மரையாணிகள் மீண்டும் மீண்டும் தளர்வது இயல்பே. அதனை மரையாணியின் தரக்குறைவு என்று கொண்டு ஆணியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. தாங்கிகளுக்கு இடையிலான குறுக்கு இடைவெளியைக் கூட்டுவதே இதற்கான நேர்வழி. இடைவெளி 60 செ.மீ.இலிருந்து 80 செ.மீ. ஆனால் தூக்கும் விசை 645 கிலோவிலிருந்து ஏறத்தாழ 485 கிலோவாகக் குறைந்து, அப்பக்கம் மீண்டும் மேடையில் அழுந்தி நிற்கும்.

உந்துதண்டும் இதற்கேற்ப மாறவேண்டும். தண்டின் விட்டம் முறுக்குவிசையின் முப்படி மூலத்தின் விகிதத்தில் கூடவேண்டும். மேற்கண்ட கணக்கில் 50 மி.மீ. தண்டு போதுமானதாக இருந்த இடத்தில் ஏறத்தாழ 70 மி.மீ. தண்டு தேவைப்படும். தண்டு பருத்தால் அது செல்லும் குழாயும், நீர் புகாமல் அடைக்கும் கிளாண்டும் மாறவேண்டும். பொறியை மட்டும் மாற்றும் செலவைக் கணக்கிட்டு இறங்கும் படகு உரிமையாளருக்கு எதிர்பாராத செலவு இங்குதான் வருகிறது.

உந்துவிசை செல்லும் வழி

இழுவலை இழுக்கும் படகில் உந்துவிசிறியின் விசை மிகப் பெரியது. நின்ற நிலையில் இழுக்கும்போது, உறையற்ற விசிறி ஒரு குதிரைத்திறனுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கிலோ வரை விசை தரும் என்பது படகு வடிவமைப்பாளர் கொள்ளும் தோராய அளவு. அதன்படி 240 குதிரைத்திறனுக்கு இரண்டரை டன் அளவில் விசை கிடைக்கும். இவ்விசை தண்டின் வழியே கியர் பெட்டிக்குள் உள்ள உந்து பேரிங்கை அடைந்து, அங்கிருந்து பெட்டியின் கூட்டுக்கும், பிறகு தாங்கிகளுக்கும், பொறிமேடைக்கும், இறுதியில் படகின் உடலுக்கும் செல்கிறது. அதாவது படகை உண்மையில் முன்னே தள்ளுவது தாங்கிகளே.

படகின் வேகத்தைப் பற்றி ஒரு குறிப்பு இங்குப் பொருந்தும். நீரை விலக்கிச் செல்லும் வகைப் படகின் வேகத்துக்கு அதன் நீளம் ஓர் எல்லையை வைக்கிறது. நீர்க்கோட்டில் 15 மீட்டர் நீளமுள்ள படகுக்கு அது ஏறத்தாழ 9.4 கடல் மைல் வேகம் ஆகும். அவ்வெல்லையை நெருங்கிய பின் குதிரைத்திறனை இரட்டித்தாலும் வேகம் சிறிதளவே கூடும். மிஞ்சிய ஆற்றல் பெரிய அலையை எழுப்புவதில் செலவாகும். வலையை இழுக்கும்போது நிலை வேறு. அப்போது படகு மெல்லச் செல்வதால் கூடுதல் குதிரைத்திறன் கூடுதல் இழுவிசையாக மாறுகிறது. பெரிய பொறியின் முழுச்சுமையும் தாங்கிகளின் மேல் இறங்குவது வேகமாக ஓடும்போது அன்று, வலை நீரில் இருக்கும்போதுதான்.

அதிர்வும் ஒத்ததிர்வும்

ரப்பர் தாங்கியின் மேல் அமர்ந்த பொறி, வில்லின் மேல் அமர்ந்த எடையைப் போன்றது. அதற்கு ஓர் இயல் அதிர்வெண் உண்டு. பொறியின் எடையால் ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதை அளந்தால் இதனைத் தோராயமாகக் கணக்கிடலாம். 15.8 என்னும் எண்ணை அந்த அமுக்கத்தின் இருபடி மூலத்தால் வகுக்க வேண்டும். 4 மி.மீ. அமுங்கினால் இயல் அதிர்வெண் ஏறத்தாழ 7.9 ஏர்ட்சு. புறத்தேயிருந்து வரும் துடிப்பு இதனைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வெண் உடையதாயின் தாங்கி அதனைத் தடுக்கும். இயல் அதிர்வெண்ணை ஒட்டி வந்தால் தடுப்பதற்கு மாறாகப் பெருக்கிவிடும். இதுவே ஒத்ததிர்வு.

நான்கடிப்புப் பொறியில் ஆறு உருளைகள் இருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று முறை எரிதல் நிகழும். நிமிடத்துக்கு 600 சுற்று என்னும் மெல்லோட்டத்திலும் துடிப்பு 30 ஏர்ட்சு. இதை மேற்சொன்ன தாங்கி எளிதாகத் தடுத்துவிடும். இரு உருளைப் பொறியில் அதே ஓட்டத்தில் 10 ஏர்ட்சு மட்டுமே. அதனால்தான் சிறு பொறிகள் மெல்லோட்டத்தில் படகையே உலுக்குகின்றன. இவ்வகையில் பெரிய, பல உருளைப் பொறி தாங்கிக்கு நன்மையே.

ஆனால் படகில் துடிப்பைத் தருவது பொறி மட்டுமன்று. 1,800 சுற்றில் ஓடும் பொறியும் நான்கில் ஒன்றாகக் குறைக்கும் கியரும் இருந்தால் தண்டு நிமிடத்துக்கு 450 சுற்று, அதாவது நொடிக்கு ஏழரைச் சுற்று சுழலும். விசிறியின் ஓர் இதழ் முகத்துவாரத்து மணல்திட்டில் பட்டு வளைந்திருந்தால், அதன் சமனின்மை 7.5 ஏர்ட்சு துடிப்பாகத் தண்டின் வழியே வரும். தாங்கியின் இயல் அதிர்வெண்ணோ 7.9. வலை இழுக்கும் வேகத்திலேயே, பொறி முழுச்சுமையில் இருக்கும்போதே ஒத்ததிர்வு அண்மிக்கிறது. முன்பிருந்த கியர் பெட்டி மூன்றில் ஒன்றாகக் குறைத்தபோது அதே ஓட்டத்தில் தண்டு நொடிக்குப் பத்துச் சுற்று சுழன்றதால் இச்சிக்கல் இவ்வளவு கூர்மையாக எழுந்திராது. பொறியை மாற்றியவர் அதிர்வுக்குப் பொறியைக் குறைகூறுவார். காரணம் கியர் விகிதத்திலும் தாங்கியின் மென்மையிலும் இருக்கக்கூடும்.

தாங்கியைத் தெரிவு செய்தல்

இழுவைப் படகுகளில் பொறியை இறுக்கமான தாங்கிகளில் வைப்பதே நெடுநாள் வழக்கம். பொறியின் கால்களுக்கும் மேடைக்கும் இடையே எஃகு அல்லது வார்ப்பிரும்புத் தகடுகளைச் செருகி, மரையாணியால் முறுக்கிவிடுவர். பெரிய கலங்களில் இத்தகடுகளுக்கு மாற்றாக எப்பாக்சிப் பிசினை ஊற்றி இறுகவைக்கும் முறையும் உண்டு. அது மேடையின் மேடுபள்ளங்களை நிரப்பி முழுப்பரப்பிலும் படிந்துகொள்ளும். இறுக்கத் தாங்கியில் தண்டின் நேர்மை நிலைத்திருக்கும், உந்துவிசை நேராக உடலைச் சேரும். இரைச்சலும் அதிர்வும் படகு முழுதும் பரவுவது இதன் விலை. பல நாள்கள் கடலில் தங்கும் பணியாளருக்கு அது உடல்நலச் சிக்கலும் ஆகும்.

ரப்பர் தாங்கியை நாடுவோர் உந்துவிசையை மறந்துவிடலாகாது. 1,100 கிலோ எடையில் 4 மி.மீ. அமுங்கும் ரப்பர், நெடுக்குவாட்டிலும் அதே விறைப்பு உடையதாயின், இரண்டரை டன் விசையில் பொறியும் தண்டும் ஏறத்தாழ 9 மி.மீ. முன்னோக்கி நகரும். இதனைத் தவிர்க்கவே கடற்பொறிகளுக்கான தாங்கிகள் செங்குத்தில் மென்மையாகவும் நெடுக்கில் விறைப்பாகவும் வடிவமைக்கப்படுகின்றன. ரப்பர் அறுந்தாலும் பொறி மேலெழாமல் தடுக்கும் இரும்புப் பூட்டும் அவற்றில் இருக்கும். செவர்லே வண்டிகளில் பின்னர்ப் பொருத்தப்பட்ட தடுப்பும் இதே நோக்கத்துக்கானதே. சாலை ஊர்திகளுக்கான ரப்பர் தாங்கிகளில் நெடுக்கு விறைப்புக்கு அத்தகைய தேவை இல்லை. சரக்குந்துப் பொறிகளைக் கடலுக்கு ஏற்ப மாற்றிப் படகுகளில் பயன்படுத்துவது இந்தியாவில் பரவலாக உள்ளதால் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது. அசோக் லேலண்டு பொறிகள் நெடுங்காலமாகத் தமிழ்நாட்டு விசைப்படகுகளில் உள்ளன. அண்மைக் காலத்தில் சீனத் தயாரிப்புப் பொறிகளும் வந்துள்ளன. சரக்குந்தின் அடிச்சட்டத்துக்கென அமைந்த பொறியின் பின்னால் கனத்த கடற்கியர் பெட்டியைத் தொங்கவிட்டால் தொகுதியின் எடைமையம் பின்னே நகரும். முன்பகுதித் தாங்கிகள் எடையிழக்க, பின்பகுதித் தாங்கிகள் மிகைச்சுமை ஏற்கும். நான்கு தாங்கிகளும் ஒரே அளவு அமுங்கவில்லை எனில் தெரிவு பிழையானது என்று அறியலாம். இத்தகைய நிலையில் கியர் பெட்டிக்குத் தனித்தாங்கி தருவது வழக்கம்.

மூன்றாவது வழி, உந்துவிசையைப் பொறியிலிருந்து பிரித்துவிடுவது. கியர் பெட்டிக்குப் பின்னால் படகின் உடலோடு பிணைந்த தனி உந்து பேரிங்கை வைத்து, அதற்கும் கியர் பெட்டிக்கும் இடையே மகிழுந்துகளில் உள்ளதைப் போன்ற வளையும் மூட்டுத் தண்டைப் பொருத்துவர். பிறகு பொறியை எவ்வளவு மென்மையான ரப்பரிலும் அமர்த்தலாம். பொறியியல் நோக்கில் இதுவே மிகச் சிறந்தது. ஆயினும் விலையும், பொறியறையில் கூடுதல் நீளமும் தேவைப்படுவதால் மீன்பிடிப் படகுகளில் இது அரிது. மீன் அறையைச் சுருக்கிப் பொறியறையைப் பெருக்க எந்தப் படகு உரிமையாளரும் எளிதில் உடன்படமாட்டார்.

பொறிமேடை

தாங்கி எவ்வளவு நல்லதாயினும் அது அமரும் மேடை வலுவற்றதாயின் பயனில்லை. மரப்படகில் ஏராக்கட்டைக்கு இணையாக இருபுறமும் ஓடும் வைரம் பாய்ந்த நெடுங்கட்டைகளே மேடை. இவை வங்குக்கால்கள் எனப்படும் விலாச்சட்டங்களில் பலவற்றோடு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பொறியின் நீளத்துக்கு மட்டும் கட்டையை வைத்தால் சுமை இரண்டு மூன்று வங்குகளிலேயே குவியும். பெரிய பொறிக்கு மேடையைத் தடிமனாக்குவதை விட நீளமாக்குவதே சிறந்தது. எண்ணெயும் நீரும் ஊறிய மரத்தில் மரையாணித் துளை அகன்றுவிடும். எனவே ஆணியை மரத்தில் திருகி நிறுத்தாமல், ஊடுருவச் செய்து அடியில் எஃகுத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும்.

கண்ணாடியிழைப் படகில் மேடை என்பது பெரும்பாலும் மரத்தையோ நுரையையோ உள்ளீடாகக் கொண்டு இழைப்போர்வை போர்த்திய நெடுவிட்டம் ஆகும். இங்கு ஆணித்துளையின் வழியே நீர் உட்புகுந்து உள்ளீட்டு மரம் உளுத்துப்போவதே பெரும் கேடு. வெளியே பளபளப்பாக இருக்கும், தட்டிப் பார்த்தால் பொள்ளல் ஒலி கேட்கும். பழைய பொறியைத் தூக்கியவுடன் சுத்தியலால் மேடை முழுதும் தட்டிப் பார்ப்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. புதிய துளையிட்டால் அதன் உட்சுவரைப் பிசினால் பூசி மூடிய பின்னரே ஆணியை இறக்கவேண்டும். எஃகுப் படகில் மேடையைப் பற்றவைத்து வலுப்படுத்துவது எளிது. தாங்கி அமரும் தகடு மட்டும் போதாது, அதன் இருபுறமும் முக்கோணத் தாங்குதகடுகள் வேண்டும் என்பதே அங்கு நினைவில் கொள்ளவேண்டியது.

நேர்படுத்தல்

பொறியை அமர்த்திய பின் கியர் பெட்டியின் இணைப்புத் தட்டும் தண்டின் இணைப்புத் தட்டும் ஒன்றுக்கொன்று இணையாகப் பொருந்துகின்றனவா எனப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே மெல்லிய அளவுத் தகடுகளைச் செருகி, மேல், கீழ், இடம், வலம் நான்கு புறமும் இடைவெளியை அளப்பர். தட்டின் விட்டம் 100 மி.மீ.க்கு இடைவெளி வேறுபாடு 0.1 மி.மீ.க்கு மிகாமல் இருக்கவேண்டும் என்பது பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவு. தண்டைச் சுழற்றி மீண்டும் அளந்தால், குறை பொறியின் அமைவில் உள்ளதா, தண்டின் வளைவில் உள்ளதா என்பது தெரியவரும்.

இவ்வேலையைக் கரையில் முடித்துவிடக் கூடாது. கட்டைகளின் மேல் நிற்கும் படகின் உடல் ஒரு வடிவிலும், நீரில் மிதக்கும்போது வேறு வடிவிலும் இருக்கும். மரப்படகு நீரில் ஊறி உப்பவும் செய்யும். ஆகவே படகை இறக்கி ஓரிரு நாள் மிதக்கவிட்டு, டீசலும் பனிக்கட்டியும் ஏற்றிய நிலையில் இறுதி நேர்படுத்தலைச் செய்யவேண்டும். தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் பொறி வந்து சேர்ந்தால் இதற்கு நாள் இராது. புதிய ரப்பர் தாங்கிகள் முதல் சில வாரங்களில் மேலும் சற்றுப் படியும் என்பதால், அவற்றில் அமர்த்திய பொறியை மறுபடியும் அளந்து பார்ப்பதும் தேவை.

சாய்த்து உயர்த்தும் பொறிகள்

துறைமுகம் இன்றிக் கரையிலிருந்தே தள்ளப்படும் சிறு படகுகளில் தாங்கிச் சிக்கல் வேறுவகையானது. நீண்ட தண்டின் முனையில் விசிறியைக் கொண்ட சிறு டீசல் பொறி, பின்னணியத்தில் ஒரு சுழல்முனையில் அமர்ந்திருக்கும். அலைமுறியும் இடத்தில் தண்டை நீரிலிருந்து தூக்கிவிடலாம். இங்குப் பொறி, தண்டு, விசிறி மூன்றும் ஒரே சட்டத்தில் உள்ளதால் நேர்படுத்தல் சிக்கல் எழுவதில்லை. மாறாக முழு விசையும் ஒற்றைச் சுழல்முனையின் வழியே பின்பலகைக்குச் செல்கிறது. பெரிய பொறி வைத்தால் முதலில் வெடிப்பது அப்பலகையின் இரு மூலைகளே. எடை பின்னே குவிவதால் பின்னணியம் தாழ்ந்து அலைநீர் உட்புகவும் கூடும்.

ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையிறங்கும் படகுகளுக்கெனப் பொறி, தண்டு, விசிறி மூன்றையும் ஒரே தொகுதியாகச் சாய்த்து உயர்த்தும் அமைப்பு ஒன்றை உருவாக்கியது. பொறி படகின் உள்ளே இருந்தபடியே சாயும் என்பது இதன் தனித்தன்மை.

சட்ட நிலை

புதுச்சேரி கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 2008, தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 ஆகியவற்றின் கீழ் இப்பகுதிப் படகுகள் பதிவு செய்யப்படுகின்றன. பதிவில் பொறியின் விவரமும் குதிரைத்திறனும் இடம்பெறும். எனவே பொறி மாற்றத்தைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டு விதிகள் பொறியின் குதிரைத்திறனுக்கு உச்சவரம்பும் வைத்துள்ளன. அதிவேகப் பொறிகளால் தங்கள் வலைகள் அறுபடுவதாகவும் மீன்வளம் குறைவதாகவும் சிறுபடகு மீனவர் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்து வந்துள்ளனர். வரம்பை மீறிப் பொருத்தப்பட்ட பொறி பதிவில் இடம்பெறாததால், விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடு பெறுவதும் சிக்கலாகும்.